பாலியல் குற்ற வழக்குகள்: நடைமுறையும் புள்ளி விவரமும்



மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், ‘இந்தியாவில் குற்றங்கள்’ என்னும் பெயரால் ஆண்டுக்கணக்கொன்றை வெளியிடுவதைத் தாங்கள் அறிந்திருக்கலாம். காப்பகம் நிறுவப்பட்டது 1986-ஆம் ஆண்டில். ஆண்டுக்கணக்கோ அதனினும் பழையது; 1953 முதற்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. மூன்று பாகங்களாக, நூற்றுக்கணக்கான அட்டவணைகளுடன் வெளிவரும் அந்நூலை முழுவதும் புரட்டிப் பார்ப்பவர் சிலரே. வெளியான மறுநாள் பத்திரிகைகளில் அதிலிருந்து இரண்டொரு எண்கள் தலைப்பாக வரும். அவற்றைத்தான் நாம் எல்லோரும் படிக்கிறோம். பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் குற்றங்களின் எண்ணிக்கை அவற்றுள் தவறாமல் இடம் பெறும்.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர் அவ்வெண்களைப் படிக்கும்போது இருவகை எண்ணங்கள் தோன்றுவது இயல்பு. இப்போது வாழுகின்ற ஊரைப் பற்றி ஓர் அச்சம். விட்டு வந்த ஊரைப் பற்றி ஒரு பெருமிதம். இவ்விரண்டிற்கும் அவ்வெண் எவ்வளவு தூரம் ஆதாரமாகும் என்பதை ஆராய்ந்து பார்த்தல் நலம். ஒரு வழக்கு காவல் நிலையத்தில் பதிவாகி, மன்றத்தில் விசாரிக்கப்பட்டு, தீர்ப்படைவதற்குள் எத்தனை வாயில்களைக் கடக்கின்றது என்று தெரிந்தால்தான், கடைசியில் அட்டவணையில் ஏறும் எண்ணின் பொருள் விளங்கும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று. முன்பெல்லாம் நம் பத்திரிகைகளும் மொழிபெயர்ப்பாளரும் இக்குற்றத்தைக் ‘கற்பழிப்பு’ என்றே எழுதி வந்தனர். குற்றம் செய்தவன் ஒருவன். அழிந்ததாகச் சொல்லப்படுவதோ துன்புற்றவளின் கற்பு. இது பொருந்தாச் சொல் என்று பலர் எடுத்துக்காட்டிய பின், ‘வன்புணர்ச்சி’, ‘பாலியல் வல்லுறவு’ என்னும் சொற்கள் வழக்கிற்கு வந்தன. சட்டமும் ஏறத்தாழ இவ்வழியே நடந்து வந்திருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்குற்றத்தைத் தனித் தலைப்பில் கணக்கிடத் தொடங்கிய 1971-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான வழக்குகள் 2,487. அது 2012-இல் 24,923 ஆயிற்று. அடுத்த ஆண்டாகிய 2013-இல் 33,707. ஓராண்டிற்குள் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட ஏற்றம்! அவ்வோராண்டில் நாட்டு ஆடவரின் இயல்பு திடீரென மாறிவிட்டதென்று யாரும் கொள்ளமாட்டார். நடந்தது வேறு. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் நிகழ்ந்த கொடுமையை அடுத்து நாடே கொதித்தெழுந்தது. முன்னாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையில் அமைந்த குழு 29 நாட்களில் அறிக்கை தந்தது. 2013-இல் சட்டம் திருத்தப்பட்டபோது குற்றத்தின் இலக்கணம் விரிவாக்கப்பட்டது; இசைவு தரும் வயது பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்ந்தது; புகாரைப் பதிய மறுக்கும் காவல் அதிகாரிக்குச் சிறைத் தண்டனை என்றும் விதிக்கப்பட்டது. அன்றியும், அதுவரை வாய் திறவாதிருந்த பலர் காவல் நிலையம் செல்லத் துணிந்தனர். எண் ஏறியதற்கு இவையெல்லாம் காரணங்கள். ஊரடங்கு நிலவிய 2020-இல் அது 28,046-ஆக இறங்கியது. 2022-இல் மீண்டும் 31,516. வீட்டுக் கதவுகள் அடைபட்டிருந்த ஆண்டில் குற்றம் குறைந்ததா, அன்றிக் காவல் நிலையம் செல்லும் வழி அடைபட்டதா என்பதை அவ்வெண் ஒருகாலும் சொல்லாது.

‘குற்றம் பெருகுதல் வேறு, குற்றப் பதிவு பெருகுதல் வேறு’ என்ற கருத்தைக் காப்பகமே தன் நூலில் எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத்தான் பத்திரிகைகள் எடுத்துப் போடுவதில்லை.

எண்ணும் முறையிலும் சில நுட்பங்கள் உண்டு. ஒரு முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் கூறப்பட்டிருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான ஒன்றின் கீழ் மட்டுமே அவ்வழக்கு கணக்கில் ஏறும். ஆகையினால், வன்புணர்ந்து கொலை செய்யப்பட்ட பெண்ணின் வழக்கு கொலை என்னும் தலைப்பில் சேர்ந்துவிடும். அண்மைக் காலத் தொகுப்புகளில் ‘வன்புணர்ச்சியுடன் கூடிய கொலை’ என்று தனி வரிசை இருப்பது இக்குறையை நீக்குதற்பொருட்டே. அவ்வாறே, பதினெட்டு வயது நிரம்பாத சிறுவர் சிறுமியர் துன்புற்ற வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை, 2012 நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேறோர் அட்டவணையில் எண்ணப்படுகின்றன. 2022-இல் அவ்வட்டவணையில் ஏறியவை அறுபதாயிரத்திற்கும் மேல். 31,516 என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறவர் இவ்வறுபதாயிரத்தைக் காண்பதேயில்லை.

மாநிலங்களை ஒப்பிடுதல் இன்னும் இடர் நிறைந்தது. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடம் ராஜஸ்தானத்திற்கு, 5,399 வழக்குகள். தமிழ்நாட்டில் சில நூறு வழக்குகளே. ஜெயப்பூரில் வாழும் தமிழர் ஒருவர் இதைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளக் கூடும். ஆனால் ராஜஸ்தானத்தில் 2019 முதல் ஓர் ஏற்பாடு உண்டு: காவல் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலேயே அதைப் பதிந்துகொள்ளலாம். வாயில் ஒன்று கூடுதலாகத் திறந்திருக்கும் இடத்தில் எண்ணிக்கையும் கூடத்தான் செய்யும். எண் சிறிதாக இருக்கும் மாநிலத்தில் குற்றம் சிறிதா, பேச்சு சிறிதா என்று கேட்டுப் பார்க்காமல் பெருமை கொள்வது அறிவுடைமையாகாது என்பது என் கருத்து.

காவல் நிலையம் செல்லாதவரின் நிலையை அறிய வேறொரு கணக்கைப் பார்க்க வேண்டும். வீடு வீடாகச் சென்று கேட்டு எடுக்கும் தேசியக் குடும்ப நல ஆய்வு அது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் ஆய்வின்படி, 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஆறு பேர், வாழ்நாளில் எப்போதேனும் பாலியல் வன்முறைக்கு உட்பட்டதாகக் கூறினர். உடலளவிலோ பாலியல் அளவிலோ வன்முறைக்கு உள்ளானவர்களில் யாரிடமேனும் உதவி கேட்டவர் நூற்றுக்குப் பதினால்வர் மட்டுமே; அவர்களும் பெரும்பாலும் தாய்வீட்டாரிடம் சொன்னவர்கள். மணமான பெண்கள் சொன்னவற்றில் குற்றவாளி பெரும்பாலும் கணவன். பதினெட்டு வயது நிரம்பிய மனைவியைக் கணவன் வற்புறுத்துவது வன்புணர்ச்சியாகாது என்னும் விலக்கு இன்றைய சட்டத்திலும் இருப்பதால், அவை எந்தக் காவல் நிலையக் கணக்கிலும் இத்தலைப்பில் ஏற வழியில்லை.

இனி, காவல் நிலையத்திற்குச் செல்லும் ஒரு பெண்ணை நாமும் பின்தொடர்வோம். 2024 ஜூலை முதல் நாளிலிருந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சம்ஹிதையும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக சுரக்ஷா சம்ஹிதையும், சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதினியமும் நடைமுறையில் உள்ளன. பெயர்கள் நம் நாவிற்குச் சற்றுக் கடினமாயினும், உள்ளடக்கத்தில் பெரும்பகுதி பழைய சட்டங்களே. பிரிவு எண்கள் மாறிவிட்டமையால் வழக்கறிஞர்களும் இன்னும் இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கின்றனர்.

குற்றம் எந்த எல்லைக்குள் நிகழ்ந்திருந்தாலும், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்; ‘இது எங்கள் எல்லை அன்று’ என்று திருப்பி அனுப்புதல் கூடாது. புகாரைப் பதிந்து, பின்னர் உரிய நிலையத்திற்கு மாற்றவேண்டும். எல்லைப்படி வரிசை எண் தராமல் சுன்னம் என்று எண்ணிட்டுப் பதிவதனால் இதைச் ‘சுன்ன எண் முதல் தகவல் அறிக்கை’ என்பர். வர்மா குழு வற்புறுத்தியது. முன்பு சுற்றறிக்கைகளின் வழியே நடந்துவந்தது. இப்போது சுரக்ஷா சம்ஹிதையின் 173-ஆம் பிரிவிலேயே இடம் பெற்றுவிட்டது. நம் போன்று நெடுந்தொலைவு இரயிலில் போய்வருகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள விதி வேறில்லை. நாகபுரிக்கும் இடார்சிக்கும் இடையே ஓடும் வண்டியில் ஒரு பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால், அவள் சென்னையில் இறங்கிப் புகார் தரலாம். டில்லியில் இறங்கியும் தரலாம். மின்னணு வழியாகவும் புகார் அனுப்பலாம். மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையொப்பமிட வேண்டும். பதிந்ததைப் புகார் தந்தவருக்குப் படித்துக் காட்டுதலும், அதன் நகல் ஒன்றை விலையின்றித் தருதலும் அதிகாரியின் கடமைகள். தண்டிக்கத்தக்க இத்தகைய குற்றம் பற்றிய செய்தி கிடைத்தால் முதலில் விசாரித்துப் பார்ப்போம் என்று காலந்தாழ்த்தாமல் பதியவே வேண்டும் என்று, லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன ஆயம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது.

வேலை தேடிப் பிற மாநிலம் செல்லும் பெண்களுக்கும் இந்த நடைமுறைக்கும் பழைய தொடர்பொன்று உண்டு. 1993 பிப்ரவரியில், டில்லியில் வீட்டு வேலை செய்துவந்த ஆதிவாசிப் பெண்கள் சிலர் ராஞ்சியிலிருந்து முரி விரைவு வண்டியில் திரும்பி வருகையில், அதே வண்டியில் பயணம் செய்த படைவீரர் சிலரால் தாக்கப்பட்டனர். அவர்களுக்காக டில்லி வீட்டுப் பணிப்பெண்கள் அமைப்பொன்று உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, அவ்வொரு வழக்கோடு நில்லாமல் பொதுநெறிகளையும் வகுத்தது. புகார் தரும் பெண்ணுக்குக் காவல் நிலையத்திலேயே வழக்கறிஞரின் துணை கிடைக்கவேண்டும். அவ்வுரிமை உண்டென்பதைக் காவலரே அவளுக்குச் சொல்லவேண்டும். அவள் பெயர் வெளிவரலாகாது. தண்டனை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இழப்பீட்டிற்கு ஏற்பாடு வேண்டும் என்பன அவற்றுட் சில. முன்பின் தெரியாத நகரத்தில், அந்நகரத்தின் மொழி அறியாமல், கூலி வேலை செய்து பிழைத்த பெண்களின் வழக்கால் நாடு முழுமைக்கும் நெறி பிறந்தது என்பதை நினைவில் கொள்ளவேண்டும்.

புகாருக்குப் பின் பெண்ணின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ, அவள் விரும்பும் இடத்திலோ, பெண் காவல் அதிகாரியே கூடியவரையில் பதியவேண்டும். செய்தி கிடைத்த இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். அதற்கு அவளது இசைவு வேண்டும். மருத்துவர் ஏழு நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றி அளிக்கவேண்டும். காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டு வந்தால்தான் பார்ப்போம் என்று மறுக்கும் மருத்துவமனைப் பொறுப்பாளருக்குத் தண்டனை உண்டு. ‘இரு விரல் சோதனை’ என்ற இழிவான பழைய வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2013-இல் கண்டித்தது. 2022 அக்டோபரில், அதைச் செய்யும் மருத்துவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்றே கூறிவிட்டது. ஒரு பெண் முன்பு எப்படி வாழ்ந்தாள் என்பதற்கும், இன்று அவளுக்குத் தீங்கு நேர்ந்ததா என்பதற்கும் தொடர்பில்லை என்பதை மன்றங்கள் ஏற்க இத்தனை காலம் ஆயிற்று.

அக்காலத்தை ஒரு வழக்கைக் கொண்டு அளந்து பார்க்கலாம். 1972 மார்ச்சில், மராட்டிய மாநிலம் சந்திரபூர் மாவட்டத்துத் தேசாய்கஞ்சு காவல் நிலையத்திற்கு விசாரணைக்காக அழைக்கப்பட்ட ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி, அந்நிலையத்திற்குள்ளேயே காவலரால் கெடுக்கப்பட்டாள். செஷன்ஸ் நீதிமன்றம், அவள் முன்பே ஒழுக்கம் தவறியவள் என்று கருதி, எதிரிகளை விடுவித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை, அதிகாரத்திற்கு அஞ்சிப் பணிதல் இசைவாகாது என்று கூறித் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமோ, அவள் உடலில் காயமில்லை, கூச்சலிட்டதற்குச் சான்றில்லை என்று காரணங்காட்டி மீண்டும் விடுவித்தது. சட்டப் பேராசிரியர் நால்வர், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகியோர், 1979 செப்டம்பரில் தலைமை நீதிபதிக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினர். பணிதலும் இசைதலும் ஒன்றல்ல என்பதே அதன் சாரம். அக்கடிதத்தை அடுத்து எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் உள்ள பெண்ணுடன் உறவு நிகழ்ந்ததென மெய்ப்பிக்கப்பட்டு, தான் இசையவில்லை என்று அவள் சாட்சி சொன்னால், இசைவு இல்லை என்றே மன்றம் கொள்ளவேண்டும் என்ற விதி அப்போது வந்தது. விசாரணை பொதுமக்கள் இல்லாத அறையில் நடக்கவேண்டும் என்பதும், துன்புற்றவளின் பெயரை வெளியிடுவது குற்றம் என்பதும் அதே திருத்தத்தின் கொடைகள். ஆயினும், அவள் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டிச் சாட்சியத்தைத் தகர்க்கலாம் என்ற பழைய சாட்சியச் சட்டப் பிரிவு, 2003 வரை ஏட்டில் இருந்தது. 1872-இல் எழுதியது அது.

மன்றத்தில் இன்று நடைபெறும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். புலன் விசாரணை இரண்டு மாதத்திற்குள் முடியவேண்டும். அதன் நிலைமையைத் தொண்ணூறு நாட்களுக்குள் துன்புற்றவருக்குத் தெரிவிக்கவேண்டும். பெண்ணின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட்டும் பதிவு செய்வார். கூடியவரை பெண் மாஜிஸ்திரேட்டு. குற்றப் பத்திரிகை தாக்கலான இரண்டு மாதத்திற்குள் விசாரணை முடியவேண்டும் என்பது விதி. மன்றத்தில் எதிரிக்கும் அவளுக்கும் இடையே திரை இடலாம் என்றும், குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் தந்து அவர் வாயிலாகக் கேட்கச் செய்யலாம் என்றும் 2004-இல் ‘சாக்ஷி’ வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி வகுத்தது. அவளுடைய சாட்சியம் ஒன்றே நம்பத்தக்கதாயின் தண்டனைக்குப் போதும், வேறு சாட்சி தேவையில்லை என்று 1996-இல் பஞ்சாப் வழக்கொன்றில் அம்மன்றம் திட்டமாகக் கூறியிருக்கிறது.

ஏட்டிலுள்ள விதிக்கும் நாட்டிலுள்ள நடப்பிற்கும் உள்ள தொலைவை மீண்டும் புள்ளி விவரமே காட்டுகிறது. 2022-ஆம் ஆண்டில் வன்புணர்ச்சிக் குற்றத்திற்காக நாட்டின் மன்றங்களில் விசாரணைக்கு இருந்த வழக்குகள் 1,98,285. அவ்வாண்டில் விசாரணை முடிந்தவை 18,517. நூற்றுக்குப் பத்துக்கூட இல்லை. முடிந்தவற்றுள் தண்டனையில் முடிந்தவை 5,067. விடுதலையில் முடிந்தவை 12,062. விசாரணை தொடங்குமுன்பே எதிரி விடுவிக்கப்பட்டவை 1,388. ‘தண்டனை விகிதம் 27.4 விழுக்காடு’ என்று நாம் படிப்பது, இந்த 5,067-ஐ 18,517-ஆல் வகுத்து வந்த எண்.

இதில் கவனிக்க வேண்டுவன பல. பதிவான 31,516 வழக்குகளில் நூற்றுக்கு இருபத்தேழு தண்டனை என்று அதற்குப் பொருளன்று. 2022-இல் முடிந்த வழக்குகளில் பெரும்பாலானவை எத்தனையோ ஆண்டுகளுக்கு முன் பதிவானவை. விடுதலை ஒவ்வொன்றும் பொய்ப்புகார் என்றும் கொள்ளலாகாது. ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பதே விடுதலையின் பொருள். சாட்சி ஊரை விட்டுப் போயிருப்பார். இரசாயனப் பரிசோதனை அறிக்கை வந்திராது. அல்லது, இதுவே மிகுதியும் நடப்பது, எதிரி உறவினனாகவோ அண்டை வீட்டானாகவோ இருப்பதால், இடையில் பல ஆண்டுகள் கழிந்தபின் பெண்ணே பிறழ் சாட்சியாக மாறியிருப்பாள். ஆண்டுதோறும் இவ்வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றில் எதிரி அவளுக்கு முன்பே தெரிந்தவன் என்று காப்பகக் கணக்குச் சொல்கிறது. அயலூரான், வேற்று மொழிக்காரன் என்று நாம் அஞ்சும் முகம் அவ்வட்டவணையில் அரிது. நாம் வந்தேறிய ஊர்களில் நம்மையே அப்படி அஞ்சுகிறவர்களுக்கும் இக்கணக்கைக் காட்டலாம்.

மறுபுறத்தையும் மறைக்கலாகாது. டில்லி மாவட்ட நீதிமன்றங்கள் 2013-இல் தீர்த்த வழக்குகளை ‘தி இந்து’ நாளிதழ் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வரிசை வெளியிட்டது. முழுமையாக விசாரிக்கப்பட்டவற்றுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கும் மேற்பட்டவை, பெற்றோர் ஒப்பாத காதலால் வீட்டை விட்டுச் சென்ற இளையோரைப் பற்றியவை என்று அது கண்டது. பெண்ணின் பெற்றோரே புகார் தந்தவர். மணம் செய்வதாக வாக்களித்து ஏமாற்றினான் என்னும் வழக்குகள் மற்றொரு பெரும்பகுதி. இத்தகைய வழக்குகள் தண்டனை விகிதத்தைக் கீழே இழுக்கின்றன. உண்மையாகவே துன்புற்றவளின் சொல்லையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றன. சாதியை மீறிச் சென்ற மகளை மீட்கக் குற்றவியல் சட்டத்தைக் கருவியாக்கும் பெற்றோர், தாம் அறியாமலே வேறொரு வீட்டு மகளுக்குத் தீங்கு செய்கின்றனர் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

நிலுவை என்பது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்றுண்டு. தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலையடிவார ஊரில், 1992 ஜூன் 20-ஆம் நாள், சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறையினரும் காவலரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்ச்சிக்கு உள்ளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட அரசு ஊழியர் 269 பேர். தருமபுரி செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2011 செப்டம்பர் 29. அதற்குள் 54 பேர் இறந்துவிட்டனர்; எஞ்சிய 215 பேரும் தண்டிக்கப்பட்டனர்; அவர்களுள் 17 பேர் வன்புணர்ச்சிக் குற்றத்திற்காக. மேல்முறையீடுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளி, தண்டனையை உறுதி செய்த நாள் 2023 செப்டம்பர் 29. இடையில் முப்பத்தோராண்டுகள். ஒவ்வோர் ஆண்டும் நிலுவை என்ற கட்டத்திற்குள் அடங்கிக் கிடந்த வழக்கு அது. வழக்கின்படி அது ஒன்று. துன்புற்ற பெண்களின்படி பதினெட்டு. குற்றவாளிகளின்படி இருநூறுக்கும் மேல். எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தே எண் அமைகிறது.

நிலுவையைக் குறைக்க 2019 அக்டோபரில் விரைவுத் தனி நீதிமன்றங்களுக்கான திட்டம் தொடங்கியது. 2024-இல் அத்தகைய மன்றங்கள் எழுநூறுக்கும் மேல் இயங்கின. அவற்றால் விளையும் பயன் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகிறது.

பிற மாநிலத்தில் வாழ்வோர்க்கு இவ்வழக்குகளில் தனியே எதிர்ப்படும் இடர் மொழி. மாவட்ட நீதிமன்றத்தின் மொழி எது என்பதை அந்தந்த மாநில அரசு தீர்மானிக்கிறது. சூரத்தில் குசராத்தி, புனேயில் மராத்தி. தமிழ் மட்டுமே அறிந்த ஒரு தாய் அங்கே சாட்சி சொன்னால், கூடுமாயின் அவள் மொழியிலேயே அதைப் பதியலாம். இயலாதபோது மன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பு ஆயத்தம் செய்யவேண்டும். எழுதி முடித்ததை அவளுக்குப் புரியும் மொழியில் திரும்பச் சொல்லிக் காட்டவேண்டும் என்பது சட்டம். பிழையிருந்தால் அவள் சொல்லலாம். நீதிபதி திருத்துவார், அல்லது அவளது மறுப்பைக் குறித்து வைப்பார்.

இது வெறுஞ் சடங்கு அன்று. நம் பெண்கள் இத்தகைய தீங்கை நேர்பெயர் இட்டுச் சொல்வதில்லை. ‘தப்பாக நடந்துகொண்டான்’ என்பார்கள். தகாத சொல் சொன்னதிலிருந்து வன்புணர்ச்சி வரையில் எல்லாவற்றையும் அத்தொடர் தாங்கும். கேட்கும் தமிழர்க்குச் சொல்லும் குரலிலேயே பொருள் விளங்கிவிடும். மொழிபெயர்ப்பவர் ‘ஒழுங்கீனமாக நடந்தான்’ என்று எழுதிவிட்டால், பத்தாண்டுத் தண்டனைக்குரிய குற்றம் சில மாதத் தண்டனைக்குரியதாகச் சுருங்கிப் போகும். முறைப்பெயர்களும் அவ்வாறே. அடுத்த வீட்டுக்காரரைக் குழந்தை ‘மாமா’ என்று சொல்ல, எழுதுபவர் தாயின் உடன்பிறந்தான் என்று எழுதிக்கொண்டால், குறுக்கு விசாரணையில் அது முரண்பாடாக வந்து நிற்கும். ஆகையினால் முதல் தகவல் அறிக்கையிலேயே, நடந்ததை நடந்தபடி, உறுப்பின் பெயர் உட்பட வெளிப்படையாகச் சொல்லும்படி துன்புற்றவளுக்கு உடனிருப்போர் துணை நிற்கவேண்டும். வெட்கம் காரணமாக விடுபட்டது பின்னால் சொல்லப்படும்போது, இட்டுக்கட்டியது என்ற பெயர் வாங்கும். அங்குள்ள தமிழ்ச் சங்கங்களில் இருமொழியும் நன்கறிந்த பெண்மணிகள் இருப்பர். பொங்கல் விழாவிற்கு வேண்டிய பட்டியல் வைத்திருப்பதுபோல் அத்தகையோர் பட்டியலொன்றும் சங்கத்தில் இருத்தல் நன்று.

வழக்கறிஞர் அமர்த்தப் பணமில்லை என்று தயங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, எந்தப் பெண்ணும், அவளது வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறலாம். அதற்குத் தொலைபேசி எண் 15100. அவசர உதவிக்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, இரயிலில் 139. வழக்கை நடத்துபவர் அரசுத் தரப்பு வழக்கறிஞரே. ஆயினும் மன்றத்தின் அனுமதியுடன் துன்புற்றவள் தன் வழக்கறிஞரையும் அவருக்குத் துணையாக அமர்த்திக்கொள்ளலாம். எதிரி விடுதலையானால் அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று காத்திராமல், அவளே மேல்முறையீடு செய்யவும் உரிமையுண்டு.

இழப்பீட்டைப் பற்றிய செய்தி பலருக்குத் தெரிவதில்லை. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2018-இல் வகுத்த திட்டத்தின்படி, வன்புணர்ச்சிக்கு உள்ளான பெண்ணுக்கு நான்கு முதல் ஏழு இலட்சம் ரூபாய் வரையிலும், கூட்டு வன்புணர்ச்சியாயின் ஐந்து முதல் பத்து இலட்சம் வரையிலும் அளிக்கலாம். குற்றம் நிகழ்ந்த மாவட்டத்தின் சட்டப் பணிகள் ஆணையத்திடம் விண்ணப்பம் தரவேண்டும். உடனடிச் செலவிற்கு இடைக்காலத் தொகையும் கேட்கலாம். எதிரி இன்னான் என்று கண்டுபிடிக்கப்படாமல் விசாரணையே நடவாமற் போனாலும் விண்ணப்பிக்கலாம். வழக்கு விடுதலையில் முடிந்தாலும், அப்பெண்ணுக்கு மறுவாழ்வு தேவை என்று மன்றம் கருதினால் இழப்பீட்டிற்குப் பரிந்துரைக்கலாம். சுரக்ஷா சம்ஹிதையின் 396-ஆம் பிரிவில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. முன்னர்ச் சொன்ன 12,062 விடுதலைகளில் எத்தனை பெண்களின் சார்பில் இப்படியொரு பரிந்துரையை வழக்கறிஞர் எவரேனும் கேட்டார் என்பதற்கு, அம்மூன்று பாகங்களிலும் அட்டவணை கிடையாது.